முதல் முகம்: திக்னஸ் பிளேனர் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு மாடியிலும் கார் ஷெட்டிலும் மரவேலை செய்யும் நண்பர்களுக்கு,

ஸ்டூல், புத்தக அலமாரி, சாப்பாட்டு மேசை என்று ஒவ்வொன்றாகச் செய்து பழகிய கை கொஞ்ச நாளில் திக்னஸ் பிளேனரைத் தேட ஆரம்பிக்கிறது. அந்த ஆசை நியாயமானது. மரக்கடையில் ஒன்றரை இஞ்ச் என்று வாங்கிய தேக்குப் பலகை ஒரு முனையில் ஒன்றரை இருக்கும், மறுமுனையில் ஒன்றேகால்தான் இருக்கும். நான்கு பலகையை ஒட்டி மேசைக்கு மேற்பரப்பு செய்தால் ஒட்டிய இடமெல்லாம் படி விழும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவதற்குள் பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். பலகைகள் ஒரே கனத்தில் இருந்தால் இணைப்பு ஒழுங்காக உட்காரும், இழுப்பறை சிக்காமல் ஓடும், பசை சீராகப் பிடிக்கும்.

ஆனால் அந்த இயந்திரத்தை வாங்கியவர்கள் பலர் வீட்டில் அது துணி போட்டு மூடிக் கிடப்பதையும் பார்க்கிறேன். பழுதான இயந்திரங்கள் இல்லை அவை. கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் எத்தனை வாட், எத்தனை இஞ்ச், எந்த கம்பெனி என்று மட்டும் கேட்டு வாங்கியவை. வீட்டு வேலைக்கு வாங்கும் கருவிகளில் அதிகப் பணத்தை விழுங்குபவற்றில் இதுவும் ஒன்று. அதனால்தான் நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையிலோ செல்பேசியிலோ வெறுமனே பிளேனர் என்று கேட்டால் கையில் பிடித்து ஓட்டும் 82 மி.மீ. மெஷினைத்தான் காட்டுவார்கள். கதவின் ஓரம் இடித்தால் ஆசாரி எடுத்து ஓட்டுவாரே, அது. அதை எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஒரு பலகையை முழு நீளத்துக்கும் ஒரே கனத்துக்குக் கொண்டுவர முடியாது. நாம் பேசுவது மேசைமேல் உட்காரும் இயந்திரத்தைப் பற்றி. ஒரு பக்கம் பலகையை நுழைத்தால் இரண்டு ரப்பர் உருளைகள் அதைப் பிடித்து இழுக்கும், நடுவில் பிளேடு பூட்டிய உருளை மேல்பக்கத்தைச் சீவும், மறுபக்கம் பலகை வெளியே வரும். பட்டறைகளில் இதே வேலையைச் செய்வது நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு மெஷின். 1980களின் நடுவில் ரியோபி கம்பெனி ஏபி-10 என்ற 10 இஞ்ச் மெஷினைக் கொண்டுவந்த பிறகுதான் தூக்கி வைக்கக்கூடிய திக்னஸ் பிளேனர் என்ற ஒன்று வீடுகளுக்குள் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திக்னஸ் பிளேனர் வளைந்த பலகையை நேராக்காது.

இதை வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை, விற்கிறவர் சொல்வதும் இல்லை. உள்ளே நடப்பதை யோசித்துப் பாருங்கள். பலகையின் கீழ்ப்பக்கம் மெஷினின் தட்டில் படுத்திருக்கிறது. உருளைகள் பலத்தோடு அதை அழுத்துகின்றன. வளைந்த பலகை அந்த அழுத்தத்தில் தட்டோடு ஒட்டித் தற்காலிகமாக நேராகிறது. பிளேடு மேல்பக்கத்தைச் சீவுகிறது. வெளியே வந்து அழுத்தம் போனதும் பலகை தன் பழைய வளைவுக்கே திரும்பிவிடுகிறது. நீங்கள் போட்டது கனமான வளைந்த பலகை, எடுத்தது மெல்லிய வளைந்த பலகை. இந்த மெஷினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கீழே இருக்கும் முகம் எப்படியோ, அதற்கு இணையாக மேல் முகத்தை வெட்டுவது. கீழ் முகம் நேராக இருந்தால் மேல் முகமும் நேராக வரும். கீழ் முகம் முறுக்கிக் கிடந்தால் மேல் முகமும் அப்படியே வரும்.

ஆகவே மெஷின் வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என் பலகையின் முதல் முகத்தை நான் எதைக் கொண்டு நேராக்கப் போகிறேன் என்பதுதான். பட்டறையில் இதற்கு சர்ஃபேஸ் பிளேனர் என்று நீளத் தட்டுள்ள தனி மெஷின் இருக்கிறது. வீட்டில் அதற்கு இடம் இருக்காது. நமக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றுமே நடைமுறைக்கு ஒத்து வருபவை.

எனக்கு மிகவும் பிடித்தது இழைப்புளி. மெஷினே வந்த பிறகு இழைப்புளி எதற்கு என்று கேட்பீர்கள். முதல் முகம் பார்க்க அழகாக இருக்க வேண்டியதில்லை, தட்டில் ஆடாமல் படுத்தால் போதும். பலகையின் இரு முனைகளிலும் ஒரே அளவான இரண்டு நேர்ச்சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒற்றைக் கண்ணால் ஒன்றின் மேல் விளிம்பை மற்றொன்றோடு பொருத்திப் பாருங்கள். முறுக்கு எந்த மூலையில் என்று உடனே தெரிந்துவிடும். அந்த மூலைகளையும் நடுவில் மேடான இடத்தையும் மட்டும் இழைத்து இறக்கினால் போதும். அங்கங்கே அறுவை வாளின் தடம் மிச்சமிருந்தாலும் பாதகமில்லை. அந்த முகத்தைக் கீழே வைத்து மெஷினில் விட்டு மேல் முகத்தைச் சமமாக்குங்கள். பிறகு பலகையைப் புரட்டிப் போட்டு ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் முதல் முகத்தையும் மெஷினே சுத்தமாக்கிவிடும். இழைப்புளி பழகியவர்களுக்கு 4 அடிப் பலகை ஒன்றுக்கு அதிக நேரம் பிடிக்காது.

இழைக்கப் பழகாதவர்களுக்கு அடித்தட்டு இருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டடுக்காக ஒட்டி, மெஷினின் வாயைவிட அகலம் கொஞ்சம் குறைவாக, பலகையைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு தட்டு செய்துகொள்ளுங்கள். வளைந்த பலகையை அதன்மேல் வைத்து, ஆடுகிற இடங்களில் எல்லாம் மெல்லிய ஆப்பு செருகி, சூடான பசையை ஒரு சொட்டு வைத்து நிறுத்துங்கள். பலகை முன்னால் வழுக்காமல் இருக்கத் தட்டின் முன்னுனியில் பலகையைவிட உயரம் குறைந்த ஒரு கட்டை. எங்கேயும் ஆணி கூடாது. உருளை அழுத்தும்போது ஆப்பு தாங்குவதால் பலகை வளைந்து கொடுக்காது, தட்டே முதல் முகமாகி விடுகிறது. இரண்டடுக்கு பிளைவுட்டும் பலகையும் சேர்ந்தால் எடை கூடும் என்பதால் இது 5 அடிக்கு மேல் போகும் பலகைக்குச் சரிப்படாது.

மூன்றாவது, அருகிலிருக்கும் பட்டறையில் கூலி கொடுத்து ஒரு முகத்தை மட்டும் சர்ஃபேஸ் போட்டு எடுத்து வருவது. இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு சாமான் மட்டுமே செய்கிறவர்கள் இரண்டு முகத்தையும் அங்கேயே போட்டு வாங்குவதுதான் சரி. மெஷின் விலைக்குப் பல வருஷக் கூலியைக் கொடுத்துவிடலாம். பட்டறை பக்கத்தில் இல்லாதவர்கள், பழைய மரத்தையும் கோணல் மாணல் பலகையையும் வைத்து நிறையச் செய்கிறவர்கள், 10 மி.மீ. போன்ற மெல்லிய பலகை அடிக்கடி தேவைப்படுகிறவர்கள், இவர்களுக்குத்தான் சொந்த மெஷின் அவசியம்.

மேலே சர்ஃபேஸர், கீழே திக்னஸர் என்று இரண்டையும் சேர்த்த 8 இஞ்ச் சிறு மெஷின்களும் கிடைக்கின்றன. முதல் முகப் பிரச்சினைக்கு அவை ஒரு விடைதான். ஆனால் மேல்தட்டு குட்டையாக இருப்பதால் 3 அடிக்கு மேற்பட்ட பலகையை அதில் நேராக்குவது சிரமம். நகைப்பெட்டி, சிறு அலமாரி, குழந்தைகளுக்கான சாமான் என்று செய்கிறவர்களுக்கு நல்லது. கட்டிலும் மேசையும் செய்கிறவர்கள் விட்டுவிடுங்கள்.

முதல் முகம் எப்படி என்று முடிவு செய்துவிட்டால் அடுத்தது பிளேடு. எனக்கு இந்த இயந்திரம் என்பதே பிளேடும் அதைச் சுற்றியிருக்கும் கூடும்தான்.

எத்தனை வாட் என்பதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை வெட்டு விழுகிறது என்று பாருங்கள். கணக்கு எளிது. உருளை நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையைப் பிளேடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, பலகை நிமிடத்துக்கு நகரும் தூரத்தால் வகுக்க வேண்டும். 230 வோல்ட்டில் நமக்குக் கிடைக்கும் மக்கீட்டா 2012என்பியை எடுத்துக்கொள்வோம். 8,500 சுற்று, இரண்டு பிளேடு, நிமிடத்துக்கு 8.5 மீட்டர். ஆக மில்லிமீட்டருக்கு 2 வெட்டு. அமெரிக்க வீடியோக்களில் எல்லோரும் பார்த்து ஏங்கும் டிவால்ட் 735இல் மூன்று பிளேடு, 10,000 சுற்று, இரண்டு வேகம். இஞ்ச்சுக்கு 96 வெட்டு அல்லது 179 வெட்டு என்று போட்டிருப்பார்கள். மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 அல்லது 7 வருகிறது. வெட்டு நெருங்க நெருங்கப் பரப்பு வழவழப்பாகும். அதற்காக மக்கீட்டா மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கூர்மையான பிளேடில் 2 வெட்டும் நன்றாகவே வரும், மழுங்கிய பிளேடில் 7 வெட்டு இருந்தும் மரம் நார் நாராகப் பிய்ந்துதான் வரும்.

பிளேடு மழுங்குவது நம் மரங்களில் சீக்கிரம் நடக்கும். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கும் அதே பொருள். இழைக்க மெத்தென்று இருக்கும் தேக்கு பிளேடின் முனையைத் தேய்த்துவிடுவது இதனால்தான். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் பர்மா தேக்கை வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலையிலும் உத்தரத்திலும் ஆணி முறிந்து உள்ளே நிற்கும், சுண்ணாம்பும் மணலும் வெடிப்புகளில் அடைந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வலுவான காந்தத்தை ஒவ்வொரு சாணாக ஓட்டிப் பார்த்த பிறகே மெஷின் பக்கம் கொண்டு போங்கள். ஒரு சிறு ஆணி போதும், பிளேடில் பல் விழுந்து, அதன் பிறகு வரும் ஒவ்வொரு பலகையிலும் நீளமாக ஒரு கோடு எழும்பி நிற்கும். பிளேடைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி மாட்ட மெஷின் இடம் கொடுத்தால், ஒன்றை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி மாட்டுங்கள். ஒரு பிளேடு விட்ட கோட்டை மற்றொன்று எடுத்துவிடும். பிளைவுட், எம்டிஎஃப், பெயின்ட் அடித்த மரம் எதையும் இதில் விட வேண்டாம். அவற்றிலிருக்கும் பசையும் பெயின்ட்டும் ஆணியைப் போலவே பிளேடைத் தின்பவை.

பலா, வேம்பு, வேங்கை போன்றவற்றில் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியுமாகப் பின்னி ஓடும். எந்தப் பக்கமாக விட்டாலும் ஏதோ ஓர் இடத்தில் பிளேடு நாரைக் கிளப்பிவிடும். இந்த மரங்களில் அதிகம் வேலை செய்கிறவர்கள் சிறு சதுரக் கார்பைடு பற்களைச் சுருளாகப் பதித்த உருளை உள்ள மெஷினை யோசிக்கலாம். பரப்பில் கிளம்பல் குறையும், சத்தமும் கணிசமாகக் குறையும். ஒரு முனை மழுங்கினால் பல்லைத் திருப்பி அடுத்த முனையைக் கொண்டுவரலாம், நான்கு முனை உண்டு. விலை அதிகம். சுருள் என்று விற்பவற்றிலும் இரண்டு வகை உண்டு. பற்கள் உருளைக்குச் சாய்வாக இருந்தால் நாரைச் சறுக்கி வெட்டும். படிப்படியாக வரிசை மாற்றி, ஆனால் பல் ஒவ்வொன்றும் நேராகவே நிற்கும் மலிவு வகையில் அந்தச் சறுக்கல் கிடையாது. கடையில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நேர் பிளேடு மெஷினே போதும் என்கிறவர்கள் இந்த மரங்களில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் சீவாதீர்கள். கடைசி ஓட்டத்துக்கு முன் ஈரத் துணியால் முகத்தை லேசாகத் துடைத்தால் நார் படிந்து கொடுக்கும்.

பிளேடு வாங்குவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சிறு மெஷின்களில் பெரும்பாலும் இரு முனையும் கூரான, மழுங்கினால் தூக்கிப் போடும் மெல்லிய பிளேடுதான் வருகிறது. குறியில் உட்கார வைத்து இறுக்கினால் முடிந்தது, அளவு பார்த்து நிமிர்த்த வேண்டியதில்லை. பெரிய வசதி அது. ஆனால் அது உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் மெஷின் வெறும் பாரம். துணி போட்டு மூடிய மெஷின்களில் பல இப்படித்தான் மூடப்பட்டன. பெயர் தெரியாத இறக்குமதி மெஷினை மலிவாக வாங்குகிறார்கள், முதல் ஜோடி பிளேடு முடிகிறது, அடுத்த ஜோடிக்கு யாரிடம் கேட்பது என்று தெரிவதில்லை. ஆகவே விலை பேசுவதற்கு முன் பிளேடு இருக்கிறதா, என்ன விலை, கையில் ஸ்டாக் உண்டா என்று கேளுங்கள். மெஷினோடு சேர்த்து இரண்டு ஜோடி கூடுதலாக வாங்குங்கள். கடைக்காரர் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றால் வேறு கடை, அல்லது வேறு மாடல். சாணை பிடிக்கக்கூடிய தடித்த பிளேடு உள்ள மெஷின் கிடைத்தால், நீள பிளேடைத் தீட்டித் தரும் சாணைப் பட்டறை உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்கலாம்.

அகலத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மேசைமேல் வைக்கும் மெஷின்கள் பெரும்பாலும் 12, 13 இஞ்ச். இன்றைய தோட்டத் தேக்கில் 10 இஞ்ச் பலகை கிடைத்தாலே அதிகம். அட்டையில் ஒரே தடவையில் 3 மி.மீ. சீவும் என்று போட்டிருந்தாலும் அது அரை அடிக்குக் குறைந்த அகலத்துக்கு. முழு அகலப் பலகைக்கு 1 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நுனிக் குழி என்ற தொல்லை எல்லா மெஷினிலும் உண்டு. பலகையின் முதல் இரண்டு மூன்று இஞ்ச்சும் கடைசி இரண்டு மூன்று இஞ்ச்சும் மற்ற இடத்தைவிடச் சற்றே ஆழமாக வெட்டுப்படும். பலகை நுழையும்போதும் வெளியேறும்போதும் ஓர் உருளை மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் முனை கனத்தில் தாழ, உள்ளே இருக்கும் முனை எழும்பி பிளேடில் படுகிறது. உருளைத் தலையைப் பூட்டும் வசதி உள்ள மெஷினில் இது குறையும். முன்னும் பின்னும் மடக்கித் திறக்கும் தட்டுகளின் வெளி ஓரத்தை ஒரு மயிரிழை உயர்த்தி வைத்தால் இன்னும் குறையும். பலகைகளை ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளியில்லாமல் முட்டிவிட்டால் முதல் பலகையின் தலையிலும் கடைசிப் பலகையின் வாலிலும் மட்டுமே குழி விழும். எப்படியிருந்தாலும் பலகையை இரு பக்கமும் 3 இஞ்ச் கூடுதலாக அறுத்து வாங்குங்கள். குழியே விழாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

மின்சாரத்துக்கு வருவோம். 1,650 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குப் போடும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். மாடிக்கு வயர் இழுப்பதானால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர். வெளிநாட்டிலிருந்து 120 வோல்ட் மெஷினை வரவழைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அதற்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மரே பெரிய செலவு, பிளேடும் கார்பன் பிரஷ்ஷும் அங்கிருந்தே வர வேண்டும். தூக்கிப் போகலாம் என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்கீட்டா 27 கிலோவுக்கு மேல், டிவால்ட் 735 ஏறக்குறைய 42 கிலோ. மாடியில் வேலை செய்கிறவர் அதை மாடியிலேயே வைக்க வழி பார்க்க வேண்டும்.

சீவல் எவ்வளவு வரும் என்று வாங்கும் முன் யாரும் நினைப்பதில்லை. 8 இஞ்ச் அகலம், 6 அடி நீளப் பலகையில் 3 மி.மீ. சீவினால் ஒரு லிட்டருக்கு மேல் கெட்டி மரம் போகிறது. அது சுருள் சுருளாகப் பிரியும்போது பல மடங்கு பெருகும். பத்துப் பலகை ஓட்டினால் சாக்கு சாக்காக வரும். வீட்டு வாக்குவம் கிளீனரின் மெல்லிய குழாய் உடனே அடைத்துக்கொள்ளும். 4 இஞ்ச் குழாய் போடும் தூசி உறிஞ்சி வேண்டும், அல்லது திறந்த வெளியில் ஓட்ட வேண்டும். சில மாடல்களில் குழாய் மாட்டும் மூடியைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஈட்டியும் தேக்கும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். காதையும் மூடுங்கள். பலகை ஏறும்போது நேர் பிளேடு மெஷின் 95, 100 டெசிபெல்லைத் தொடும். 100 டெசிபெல்லில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் காதோடு நிற்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எந்த நேரத்தில் ஓட்டுவது என்று அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஓர் அடிக்குக் குறைந்த துண்டுகளை உள்ளே விட வேண்டாம். ஓர் உருளை விடும் முன் மற்றது பிடிக்காது, துண்டு நடுவில் திரும்பிக்கொண்டு தெறிக்கும். பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். உள்ளே போகிறதா என்று குனிந்து பார்க்கக் கூடாது.

கடைக்குப் போகும்போது 3 அடிப் பலகை ஒன்றையும் வெர்னியரையும் எடுத்துப் போங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே வந்த பலகையை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 மி.மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் தட்டுக்கு உருளை இணையாக இல்லை, அதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நுனியை அளந்தால் குழியின் ஆழம் தெரியும். பிறகு பிளேடைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த வேலையை நீங்கள்தான் இனிச் செய்யப் போகிறீர்கள்.

கடைசியாக ஒரு யோசனை. இந்த மெஷின் தினமும் ஓடும் பொருள் இல்லை. ஒரு சாமானுக்குத் தேவையான பலகை முழுவதையும் ஒரே நாளில் ஓட்டிவிட்டால் அதன்பின் பல வாரங்கள் சும்மாதான் இருக்கும். ஒரே ஊரில் நான்கு பேர் இருந்தால் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பவர் பிளக் உள்ள தரைத்தள வீட்டில், பலகையின் நீளத்துக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு வையுங்கள். மெஷின் பொது, தூசி உறிஞ்சி பொது, அடித்தட்டு பொது. பிளேடு மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி, பெயர் எழுதிய டப்பாவில். உங்கள் மரத்தை ஏற்றும் முன் உங்கள் பிளேடை மாட்டுங்கள், முடிந்ததும் கழற்றி எடுத்துப் போங்கள். பழைய மரம் கொண்டு வருகிறவர் ஆணி தட்டினால் அவர் பிளேடோடு போகும். காந்தத்தை மெஷினின் பக்கத்திலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்